பார்த்தேன், சரி

எவாரிஸ்டோ கபாசோ எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போடமாட்டார். விடுப்புச் சீட்டில்கூடப் பெயரை அச்செழுத்தில் எழுதிவிட்டு நிறுத்திக்கொள்வார். சுரங்கத்தின் வரைபட அறையில் அவருக்குப் பக்கத்து மேசையில் பத்து வருஷம் உட்கார்ந்தவள் நான். அந்தப் பத்து வருஷத்தில் அவர் கையெழுத்து எப்படி இருக்கும் என்று நான் ஒரே ஒரு முறைதான் பார்த்தேன். அதுவும் பழைய கோப்பு ஒன்றில்.

எங்கள் வரைபடங்களின் வலது கீழ் மூலையில் மூன்று கட்டங்கள் இருக்கும். வரைந்தவர், சரிபார்த்தவர், ஒப்புதல் தந்தவர். மற்றவர்கள் வரைந்ததைச் சரிபார்க்கும் வேலை பெரும்பாலும் அவரிடம்தான் வரும். ஒவ்வொரு அளவையும் கூட்டிப் பார்ப்பார், கழித்துப் பார்ப்பார், தப்பு இருந்தால் துண்டுச் சீட்டில் குறிப்பார். மதியம் வரை அதிலேயே மூழ்கியிருந்துவிட்டு, அந்த இரண்டாவது கட்டம் வந்ததும் தாளை என் பக்கம் தள்ளுவார்.

“இனோங்கே, நீ போட்டுடும்மா.”

எனக்கு அப்போது இருபத்துமூன்று வயது. மேற்கே ஆற்றுவெளியிலிருந்து வேலைக்கு வந்த லோசி இனப் பெண். பெரியவர் நம்மை நம்புகிறார் என்ற பெருமையில் போட்டுவிடுவேன். தலைமை வரைவாளர் சிமுகோண்டா இதைப் பார்த்துக்கொண்டே இருப்பார்.

“என்ன பா கபாசோ, மிஷன் பள்ளிக்கூடத்துல பாதிரியாருங்க பாட்டு மட்டும்தான் சொல்லிக்குடுத்தாங்களா? கையெழுத்து சொல்லித்தரலியா?”

எங்கள் பக்கம் பெயருக்கு முன்னால் ‘பா’ சேர்த்தால்தான் மரியாதை. கேலி செய்யும்போதும் அது இருக்கும்.

“பாட்டும் சரியா வராது, பா சிமுகோண்டா,” என்பார் கபாசோ. அதோடு பேச்சு முடிந்துவிடும்.

இன்னொரு பழக்கமும் அவரிடம் இருந்தது. பலகையில் குனிந்து வரைந்துகொண்டிருப்பவர் திடீரென்று பென்சிலை எடுத்துவிட்டு உடம்பை இடப்பக்கம் சாய்ப்பார். பின்னால் நிற்பவர் எட்டிப் பார்க்க வழிவிடுவது போல இருக்கும். கொஞ்ச நேரம் அப்படியே இருந்துவிட்டு மறுபடி வரையத் தொடங்குவார். நான்தான் வந்து நிற்கிறேன் என்று நினைக்கிறார் போலும் என்று முதலில் எண்ணினேன். நான் அந்தச் சமயம் என் மேசையில் இருந்தேன். அவருக்குப் பின்னால் சுவர்தான் இருந்தது.

மழைக்காலத்தில் ஒரு நாள் நண்பகல் மின்சாரம் போய்விட்டது. எல்லோரும் சாப்பிடப் போய்விட்டார்கள். ஜன்னலோரம் நாங்கள் இருவர் மட்டும் இருந்தோம். யாருக்கு வழிவிடுகிறீர்கள் என்று அன்றுதான் கேட்டேன். அவர் மறைக்கவில்லை.

“யோதாமுவுக்கு,” என்றார்.

கபாசோ வரைபட அறைக்கு வருமுன் நிலத்தடிப் பம்பு அறையில் ஃபிட்டராக இருந்தவர். எண்ணூறு மீட்டர் ஆழத்தில் எட்டு பம்புகள் இருக்கும் அறை அது. எங்கள் சுரங்கத்தில் தாமிரத்தைவிடத் தண்ணீர்தான் அதிகம் ஊறும். பம்பு நின்றால் வேலை நிற்கும். ரொம்ப நேரம் நின்றால் சுரங்கமே நிற்கும். அந்த அறையில் அவருக்குக் கூட்டாளி யோதாமு ஜெரே. கிழக்கிலிருந்து வந்த ங்கோனிக்காரர்.

கபாசோ பெம்பா இனத்தவர். பெம்பாவுக்கும் ங்கோனிக்கும் எந்தக் காலத்திலோ நடந்த போர், பிறகு கேலி உறவாக மாறியது. எதை வேண்டுமானாலும் சொல்லலாம், கோபிக்கக் கூடாது. ங்கோனிகள் வயல் எலி தின்கிறவர்கள் என்று இவர்கள் சொல்வார்கள். பெம்பாக்கள் குரங்கு தின்கிறவர்கள் என்று அவர்கள் சொல்வார்கள்.

“காலையில லிஃப்ட்டுக் கூண்டுல எறங்கும்போதே ஆரம்பிச்சுடுவான்,” என்றார் கபாசோ. “‘என்ன குரங்கு, இன்னிக்கு மரமேறாம குழியில எறங்கறே?’ம்பான். நான், ‘வளைக்குள்ள போறதுன்னா எலிக்குத் துணை வேணுமில்ல’ம்பேன். பதினோரு வருஷம் இதே பேச்சு. ஒரு நாளும் அலுக்கல.”

மோட்டாரில் சுழலும் தண்டான ஷாஃப்ட்டையும் பம்பின் ஷாஃப்ட்டையும் இணைப்பது கப்ளிங். இரண்டும் ஒரு மயிரிழைகூட விலகாமல் நேர்க்கோட்டில் நிற்காது. அடித்தளம் அசையும், சூட்டில் இரும்பு நீளும். அதனால் நடுவில் கொஞ்சம் வளைந்துகொடுக்கும் இணைப்பு வேண்டும். அப்போது அங்கே இருந்தவை பல் வைத்த கப்ளிங்குகள். இரண்டு ஷாஃப்ட் நுனியிலும் பல் சக்கரம், அவற்றை மூடிப் பிடிக்கும் கனமான உறை, உறைக்குள் பல், பல்லுக்கு நடுவே கிரீஸ். பல் தேய்கிறதா, கிரீஸ் காய்ந்ததா என்று பார்க்க உறையைப் பின்னுக்கு இழுக்க வேண்டும். எங்கள் பம்பு அறையில் அதற்கு இடமில்லை. மோட்டாரையே கழற்றி நகர்த்தினால்தான் முடியும். பிறகு மறுபடி நேர்ப்படுத்த வேண்டும். ஒரு முழு ஷிஃப்ட் போய்விடும். அதுவரை தண்ணீர் ஏறிக்கொண்டே இருக்கும்.

1979, ஆகஸ்ட், ஒரு வியாழக்கிழமை. காலை பத்தரை இருக்கும். நாலாம் பம்பிலிருந்து ‘டிக் டிக்’ என்று காய்ந்த சத்தம் வந்தது. யோதாமு போய், கப்ளிங்கை மறைக்கும் மூடித் தகட்டின் மேல் காதை வைத்துக் குனிந்தார். கபாசோ பன்னிரண்டு அடி தள்ளி இன்னொரு பம்புக்கு எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தார்.

“சத்தம் பெருசா இல்ல. கதவைச் சாத்தின மாதிரிதான் கேட்டுச்சு. பல்லு இறுகி, போல்ட்டெல்லாம் அறுந்து, பாதி உறை மூடியைக் கிழிச்சுக்கிட்டு வெளிய வந்துடுச்சு. நான் திரும்பிப் பாத்தப்ப அவன் உக்காந்திருந்தான். சுவத்துல சாஞ்சு உக்காந்து எதையோ யோசிக்கற மாதிரி.”

“அப்புறம்?”

“மோட்டாரை நிறுத்தப் போனேன்.” ஜன்னலுக்கு வெளியே மழையைப் பார்த்தார். “மொதல்ல மோட்டாரை நிறுத்தினேன், இனோங்கே. அப்புறம்தான் அவன்கிட்ட போனேன்.”

அடக்கத்தன்று ங்கோனிப் பெண்கள் பாடிக்கொண்டிருந்தார்கள். சாவு வீட்டில் கேலி உறவுக்காரர்களுக்கு ஒரு கடமை உண்டு. அழுகிறவர்களைச் சிரிக்க வைக்க வேண்டும். குழிக்குள் இறங்கிப் படுத்துக்கொண்டு பிணத்தோடு வம்பு பண்ண வேண்டும். அதைச் செய்யாவிட்டால் செத்தவரை அவமதித்ததாகும். எல்லோரும் கபாசோவைப் பார்த்தார்கள். “அவனோட குரங்கு நீதானே, எறங்கு,” என்றார் யாரோ ஒரு கிழவர்.

இறங்கினார். குழியில் கையை விரித்து அகலம் அளந்து, “ஒரு எலிக்கு இவ்வளவு பெரிய வளையா? பாதியை மூடுங்க, மிச்சத்துல நான் படுத்துக்கறேன்,” என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். யோதாமுவின் மனைவியும் சிரித்தாள்; கையில் ஆறு வயது ஜெலீஃபாவைப் பிடித்துக்கொண்டு, கண்ணீரோடு.

“குழிக்குள்ளயிருந்து மேல பாத்தேன்,” என்றார் கபாசோ. “சுத்திவர முகம். எல்லாரும் சிரிச்சுக்கிட்டிருந்தாங்க. அவங்களுக்கு நடுவுல அவனும் நின்னான். அவன் மட்டும் சிரிக்கல. என்னையே பாத்துக்கிட்டு நின்னான்.”

அதற்குப் பிறகு அவர் நிலத்தடிக்கு இறங்கவில்லை. மாலை வகுப்பில் வரைபடம் படித்து எங்கள் அறைக்கு வந்து சேர்ந்தார். யோதாமுவும் கூடவே வந்துவிட்டார். பேசுவதில்லை, பயமுறுத்துவதில்லை. கபாசோ ஏதாவது ஒரு இணைப்பையோ மூடியையோ வரைகிறபோது மட்டும் வந்து, தலையைச் சாய்த்து, மூடிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்ப்பார்.

“தேவாலயத்துல சொல்லிப் பாத்தீங்களா?” என்று கேட்டேன்.

“எதைச் சொல்றது?” என்றார். அந்தக் கேள்வியில் ஏதோ பாக்கி இருந்தது. அன்று எனக்கு அது புரியவில்லை.

அடுத்த வருஷம் பம்புகளைப் பெரிதாக்க முடிவு செய்தார்கள். ஆழம் கூடியதால் மோட்டாரின் பலமும் ஒன்றரை மடங்காகும். பழைய கப்ளிங் அதைத் தாங்காது. புதிதாக வெளிநாட்டிலிருந்து வரவழைக்க நாட்டில் டாலர் இல்லை. மாவு வாங்கவே வரிசையில் நின்ற காலம் அது. “நம்ம பட்டறையிலயே செஞ்சாகணும். யாரு வரையறது?” என்று கேட்டார் சிமுகோண்டா.

கூட்டங்களில் வாயே திறக்காத கபாசோ, “நான்,” என்றார். “ரெண்டு விஷயம் வேணும். ஒண்ணரை மடங்கு சுமை தாங்கணும். டார்ச் அடிச்சா உள்ள இருக்கறது அத்தனையும் கண்ணுக்குத் தெரியணும்.”

“தாங்கறது சரி. தெரியறது எதுக்குய்யா? பொண்ணு பாக்கவா போறோம்?”

எல்லோரும் சிரித்தார்கள். கபாசோ காத்திருந்தார். சிரிப்பு அடங்கியதும் அதே வார்த்தைகளை இன்னொரு தடவை சொன்னார்.

பல்லே வேண்டாம், கிரீஸே வேண்டாம் என்று ஆரம்பித்தார். மறைகிற இடத்தில்தான் கெடுதி வளர்கிறது என்பது அவர் கட்சி. நகக்கனமே உள்ள எஃகுத் தகடுகளை வளையமாக வெட்டி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ஒரு போல்ட் மோட்டார் பக்கம், அடுத்த போல்ட் பம்பு பக்கம் என்று மாற்றி மாற்றிப் பூட்டுவது அவர் எண்ணம். ஷாஃப்ட்டுகள் கோணினால் தகடுகள் வளைந்துகொடுக்கும். நடுவில் ஒரு நீளத் துண்டு. அதைக் கழற்றினால் மோட்டாரை அசைக்காமலே தகடுகளை எடுத்துவிடலாம். தகடு நொந்துபோனால் அடுக்குகளின் இடுக்கில் சிவப்புத் தூள் கசியும். விரிசல் விட்டால் வெளித்தகட்டில் போல்ட் ஓரமாக முதலில் தெரியும். பம்பை நிறுத்தி, டார்ச் அடித்து, பத்து நிமிஷத்தில் பார்த்துவிடலாம்.

பட்டறையில் மேலேயே வைத்து ஓட்டிப் பார்த்தார்கள். தினமும் காலையில் அவர் போய் நிறுத்திப் பார்ப்பார். பத்தொன்பதாம் நாள் திரும்பி வந்து, “விரிசல்,” என்றார். முகத்தில் வருத்தமே இல்லை.

“அப்ப உங்க சாமான் ஒடஞ்சுபோச்சு,” என்றார் சிமுகோண்டா.

“ஒடையல. ஒடையப்போறேன்னு முன்கூட்டிச் சொல்லுச்சு.”

“சொன்னா மட்டும் தண்ணி மேல வருமா, பா கபாசோ? எனக்கு ஓடற சாமான் வேணும். வாயாடி சாமான் வேணாம்.”

ஆறு போல்ட் இருந்ததை எட்டாக்கினார். போல்ட் வட்டத்தை இன்னும் வெளியே தள்ளினார்; மையத்திலிருந்து தள்ளிப் பிடித்தால் அதே திருப்பலுக்கு ஒவ்வொரு போல்ட்டின் மேலும் பாரம் குறையும். நாற்பது நாள் ஓடியது. மறுபடி விரிசல். எல்லா விரிசலும் ஒரே இடத்தில், வாஷரின் விளிம்பு தகட்டைத் தொடுகிற கோட்டில். அந்தத் தகடுகளை மேசையில் பரப்பிவைத்துக்கொண்டு வாரக்கணக்கில் பார்த்தார். சாப்பாட்டு டப்பா திறக்காமலே வீட்டுக்குத் திரும்பிப் போகும். பின்னால் நிற்பவரும் போகவில்லை போலும். அந்த நாட்களில் கபாசோ முழுக்க இடப்பக்கமே சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

ஒரு நாள் நான் பிரதித் தாளை எஃகு அளவுகோலின் ஓரத்தில் வைத்துக் கிழித்துக்கொண்டிருந்தேன். கோடு போட்டது போல் நேராகக் கிழிந்தது.

“இனோங்கே, அந்தத் தாளை உருட்டுப் பென்சில் மேல வச்சுக் கிழி.”

வைத்து இழுத்தேன். தாள் வளைந்ததே தவிர கிழியவில்லை.

அவர் எழுந்து பட்டறைக்கு நடந்தார். வாஷர்களின் விளிம்பை எல்லாம் கடைசலில் கூர் நீக்கி வளைவாக்கச் சொன்னார். நினைத்தால் சின்ன விஷயம். அந்த அடுக்கு பதினான்கு மாதம் விரிசலில்லாமல் ஓடியது, ஒன்றரை மடங்கு சுமையோடு. சிமுகோண்டா அதைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். “கல்யாணம் பண்ணிக்குடுத்துடலாம்,” என்றார். ஒப்புதல் கட்டத்தில் அவர் கையெழுத்துப் போட்டார். சரிபார்த்த கட்டத்தில் நான் போட்டேன்.

1988-இல் முதல் கப்ளிங் நாலாம் பம்பில் ஏறியது. பெண்கள் நிலத்தடிக்கு இறங்கக் கூடாது என்று அப்போது சட்டம். அதனால் நான் பார்த்ததில்லை. கபாசோ ஒன்பது வருஷத்துக்குப் பிறகு கூண்டில் இறங்கினார். திரும்பி வந்தபோது சட்டை நனைந்திருந்தது. எப்படி இருந்தது என்று கேட்டேன். “ஓடுது,” என்றார். யோதாமுவும் அங்கே வந்தாரா என்று நான் கேட்கவில்லை. அடுத்த இரண்டு வருஷத்தில் எட்டு பம்புகளுக்கும் மாற்றினார்கள். தடித் தகட்டு மூடி போய், கீல் வைத்த கெட்டிக் கம்பிவலை மூடி வந்தது. ஒரு கொக்கியை விலக்கினால் திறக்கும்.

ஒவ்வொரு ஞாயிறும் யோதாமுவின் வீட்டுக்குப் போவது அவர் வழக்கம். கூரை ஒழுகினால் அடைப்பார், விறகு வெட்டிப் போடுவார், பின்மதியம் சோளமாவுக் களியான இன்ஷிமாவும் கீரையும் சாப்பிட்டுவிட்டு வருவார். ஜெலீஃபாவின் அம்மா சந்தையில் கருவாடு விற்று மகளைப் படிக்கவைத்தாள். “என் வீட்டுக் குரங்கு வந்துடுச்சு,” என்றுதான் வாசலில் வரவேற்பாளாம். யோதாமு விட்ட கேலியை அவள் எடுத்துக்கொண்டாள்.

பம்பு அறையின் வாராந்தரச் சோதனைத் தாள்களைக் கோப்பில் சேர்ப்பது என் வேலை. 1991 ஜூலையில் ஒரு கட்டு வந்தது. புரட்டியபோது ஒரு தாள் கண்ணில் உறுத்தியது.

“பா கபாசோ, இன்னிக்குப் பதினாறாந்தேதிதானே?”

“ஆமா.”

“ஆறாம் பம்பை இருபத்துமூணாந்தேதி பாத்தாச்சுன்னு போட்டிருக்கு.”

தாளை வாங்கினார். ‘பார்த்தேன், சரி’ என்று எழுதி, கீழே சிட்டுண்டு என்ற ஃபிட்டரின் கையெழுத்து. வரப்போகிற வாரத்துக்கும் சேர்த்துப் போட்டுவிட்டார்; கட்டோடு கட்டாக அதுவும் வந்துவிட்டது. கபாசோ தாளை மேசையில் வைத்தார். தலைக்கவசமும் விளக்கும் வாங்கிக்கொண்டு கீழே இறங்கினார்.

மூன்று மணி நேரம் கழித்து வந்தார். விரல் நுனியெல்லாம் சிவப்புத் தூள். ஆறாம் பம்பின் அடித்தளம் ஒரு பக்கம் இறங்கியிருந்தது. தகடுகள் அளவுக்கு மீறி வளைந்திருந்தன. மூன்று தகடுகளில் விரிசல். அவற்றைக் காகிதத்தில் சுற்றி எடுத்துவந்திருந்தார். மறுநாள் காலை ஆறு மணிக்கு ஷிஃப்ட் கூடும் அறைக்கு அந்தக் காகிதப் பொட்டலத்தோடு போனார். தாள்களை எடுத்துக்கொண்டு என்னையும் வரச் சொன்னார்.

முப்பது பேர் பெஞ்சுகளில் உட்கார்ந்திருந்தார்கள். சிட்டுண்டுவுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். நல்ல ஃபிட்டர், பொய்யர் இல்லை. எழுந்து நின்று நேராகவே சொன்னார்.

“பாக்கல, பா. மறைக்க மாட்டேன். மூணு வருஷமா தெறந்து பாக்கறோம், எப்பவும் சரியாத்தான் இருக்கு. நீங்க செஞ்சது கெடாதுன்னு எங்க எல்லாருக்கும் தெரியும். உங்க மேல உள்ள நம்பிக்கைதான்.”

கபாசோவுக்கு அது அடி மாதிரி விழுந்தது. பிறகு என்னிடம் திரும்பி, “எழுபத்தொன்பது கோப்பு,” என்றார். அதை முந்தின சாயங்காலமே என்னிடம் தேடி எடுக்கச் சொல்லியிருந்தார். எதற்கென்று சொல்லவில்லை. பிரித்துக் காட்டினார். நாலாம் பம்பு, ஆகஸ்ட் மாதம். ‘பார்த்தேன், சரி. எ. கபாசோ.’ வலப்பக்கம் சாய்ந்த, வால் நீண்ட, அழகான கையெழுத்து.

“இது நான் போட்டது,” என்றார். “யோதாமு ஜெரே சாகறதுக்கு ஒன்பது நாள் முன்னாடி. உறையை நான் இழுக்கல. அதுக்கு முந்தின மாசமும் இழுக்கல. ஏழு மாசமா யாரும் இழுக்கல. விசாரணையில இந்தத் தாளை வச்சுத்தான் முடிச்சாங்க. சோதனை பண்ணியிருக்கு, சரியா இருந்திருக்கு, அதனால எதிர்பாராத விபத்து, யார் மேலயும் தப்பில்லைன்னு. நான் அங்கதான் உக்காந்திருந்தேன். வாயைத் தெறக்கல. பாக்கறதுக்குக் கஷ்டமா இருந்துச்சு, அதான் பாக்கலைன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். பாக்கறதுக்குச் சுலபமா ஒண்ணு செஞ்சேன். நீங்க அதையும் பாக்கல.”

வெளியே கூண்டு மணி அடித்தது. அப்படியும் யாரும் எழவில்லை. கடைசியில் சிட்டுண்டு வந்து பொட்டலத்தைப் பிரித்து, விரிசல்களை ஒவ்வொன்றாக விளக்கில் பிடித்துப் பார்த்தார்.

செய்தி வீடு போய்ச் சேருமுன் நாம் போய்விட வேண்டும் என்றார் கபாசோ. தனியாகப் போகப் பயந்தாரோ என்னவோ, என்னையும் கூப்பிட்டார். ஜெலீஃபாவின் அம்மா முற்றத்தில் உரலில் வேர்க்கடலை இடித்துக்கொண்டிருந்தாள்.

“குரங்கு கிழமை மாறி வந்துடுச்சே,” என்றாள் சிரித்தபடி.

அவர் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். அவள் இடிப்பதை நிறுத்தவில்லை. சொல்லி முடித்த பிறகும் இடித்தாள். கடலை பொடியாகி எண்ணெய் விட்டுவிட்டது.

“குழிக்குள்ள எறங்கிக் கூத்தடிச்சியே,” என்றாள் பிறகு. “அப்பவே தெரியுமா உனக்கு?”

“தெரியும்.”

“என்னைச் சிரிக்க வச்சே.”

அவள் உரலின் ஓரத்தில் ஒட்டிய கடலையை விரலால் வழித்தாள்.

“என் வீட்டுக்காரரும்தான் பாக்காமலே கையெழுத்துப் போட்டிருக்காரு. தெரியாதுன்னு நினைக்காதே. இந்தத் திண்ணக்கட்டையில உக்காந்து ரெண்டு மூணு மாசத்துக்குச் சேத்து எழுதுவாரு. என்னங்க இதுன்னு கேட்டா, சும்மா காகிதம்டி, யாரு தெறக்கறதும்பாரு.” உலக்கையைச் சுவரில் சாத்தினாள். “அவரு செஞ்சது அவரோட போச்சு. நீ பன்னெண்டு வருஷம் என் கையால சாப்பிட்டுட்டு இப்ப வந்து சொல்றே. இனிமே ஞாயித்துக்கிழமை வராதே. எந்தக் கிழமையும் வராதே.”

அவர் தலையாட்டினார். நாங்கள் திரும்பி நடந்தோம். அதற்குப் பிறகு அந்தத் தெரு வழியாக அவர் போனதே இல்லை. சுற்றிக்கொண்டு மைதானம் வழியாகத்தான் போவார்.

நிர்வாகத்திடமும் எழுதிக்கொடுத்தார். தண்டனைக்குத் தயாராக இருந்தார். மேலாளர் கோப்பைப் புரட்டிவிட்டு, முடிந்துபோன விசாரணையை மறுபடி திறக்கிற வழக்கமில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார். அன்று கபாசோ மேசைக்கு வந்து உட்கார்ந்தபோது என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. யாராவது அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்பது போல் இருந்தார்.

சோதனைத் தாளை அவரே மாற்றி வரைந்தார். ‘சரி’ என்று எழுத அதில் இடமே வைக்கவில்லை. நடுத்துண்டுக்கும் தகட்டுக்கும் இடையே நாலு இடத்தில் இடைவெளியை அளந்து எழுத வேண்டும்; எத்தனை வெளித்தகடு, எங்கே தூள், எங்கே விரிசல் என்று படத்தில் குறிக்க வேண்டும். போன வார எண்ணும் இந்த வார எண்ணும் அச்சு அசலாக ஒன்றாக இருந்தால் நான் திருப்பி அனுப்பிவிடுவேன். ஃபிட்டர்கள் முணுமுணுத்தார்கள். “மீன்காரி, நீ போலீசாயிட்டியா?” என்றார்கள்; ஆற்றுவெளிக்காரி என்பதால் எனக்கு அந்தப் பெயர். சிட்டுண்டு மட்டும் முணுமுணுக்கவில்லை. நான் ஓய்வு பெறுகிற வரை அந்தப் பம்பு அறையில் கப்ளிங்கால் ஒருவரும் அடிபடவில்லை. நம்பிக்கையோடு சொல்லக்கூடியது அவ்வளவுதான்.

ஜெலீஃபா ஒரு தடவை வந்தாள். ஆசிரியப் பயிற்சிக்குக் கிளம்புகிற நேரம். பட்டறை வாசலில் நின்று, அந்தச் சாமானைப் பார்க்க வேண்டும் என்றாள். கபாசோ அவளை மேசையில் இருந்த ஒரு தகட்டு அடுக்கிடம் கூட்டிப்போனார்.

“இதுல எங்க பாக்கணும்?”

“இங்க. போல்ட் ஓரமா. மொதல்ல இங்கதான் தெரியும்.”

அவள் குனிந்து வெகுநேரம் பார்த்தாள். விரலால் ஒரு விளிம்பைத் தடவினாள். அவரிடம் ஒரு வார்த்தையும் பேசாமல் போய்விட்டாள். அவள் போன பிறகு அவர் பட்டறையிலேயே மதியம் வரை நின்றுகொண்டிருந்தார்.

1994-இல் வேலையை விட்டுவிட்டு வடக்கே கசாமா பக்கம் தங்கை வீட்டுக்குப் போய்விட்டார். மூன்று வருஷம் கழித்து நான் அந்த வழியாகப் போனபோது இறங்கிப் பார்த்தேன். மெலிந்திருந்தார். வலது காது சுத்தமாகக் கேட்கவில்லை. மாமரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்தோம். சிமுகோண்டா செத்துப்போனதைச் சொன்னேன். சுரங்கத்தை விற்கப்போகிறார்கள் என்ற பேச்சைச் சொன்னேன். ஆறாம் பம்பின் அடித்தளத்தை உடைத்துப் புதிதாகக் கட்டியதைக் கேட்டுவிட்டுத் தலையாட்டினார்.

“அவரு இன்னும் வர்றாரா?” என்று கேட்டேன்.

“வர்றான். இப்பல்லாம் பேசறான்.”

“என்ன பேசறாரு?”

“அது எனக்கும் அவனுக்கும்,” என்றார். முகத்தைத் திருப்பிக்கொண்டார். கோபமில்லை. கண்டிப்பாகச் சொன்னார்.

அவருடைய தங்கை கை கழுவத் தண்ணீர் கொண்டுவந்தாள். பீன்ஸும் இன்ஷிமாவும் இருந்தது. அவர் கொஞ்சம்தான் சாப்பிட்டார். மூன்று மணி பஸ்ஸுக்கு நான் கிளம்பியபோது சாலை வரை கூட நடந்து வந்தார். அடுத்த மழைக்காலத்துக்குள் போய்விட்டார் என்று தங்கை கடிதம் எழுதியிருந்தாள்.